எழுதித் தரச் சொல்

டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்து மீன் தொழிற்சாலையில், மீன் ஓடிவரும் பட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படி நின்றோம். முதல் மூன்று மாதமும் அவர் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தார். கை தன்பாட்டில் மீனின் முள்ளை வழித்துக்கொண்டிருக்கும். கண் என் முகத்தில் நிற்கும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் சுற்றிவளைப்பு வரிசைகளில் நின்றுவிட்டு வந்தவன் நான். சாக்கால் முகம் மூடிய ஒருவனை முன்னால் இருத்தியிருப்பார்கள். அவன் தலையாட்டினால் வரிசையில் நிற்பவனை வாகனத்தில் ஏற்றுவார்கள். தலையாட்டி என்று அவனுக்குப் பெயர். அதன் பிறகு, உற்றுப் பார்க்கிற எந்தக் கண்ணும் எனக்கு நல்ல கண் அல்ல.

அவர் ஒரு கறுப்பு மனிசி. அறுபதைத் தாண்டியவர். நரைத்த சுருள்முடியை வலைத்தொப்பிக்குள் அடக்கிவைத்திருப்பார். எந்த நாட்டவர் என்று தொழிற்சாலையில் இருந்த நாங்கள் நாலு தமிழரும் எங்களுக்குள் வாதாடினோம். வாய் திறந்தால் கோபன்ஹேகன்காரருக்கே விளங்காத தடித்த ஜுட்லாந்துப் பேச்சு. இந்தக் கடற்கரையிலேயே பிறந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது.

முதன்முதலில் அவர் கதைத்தது கன்டீனில். என் மேசைக்கு வந்து நின்றுகொண்டே கேட்டார். டேனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். ஆகையால் அவர் கேட்டது என் காதில் இப்படி விழுந்தது:

"நீ தமிழனாம். தரங்கம்பாடி ஆளோ?"

"இல்லை. அது இந்தியா. நான் இலங்கை."

"ஒரே கடல்தானே" என்றார். "உங்கட கரையில நெய்த துணியை எங்கட கப்பல்கள் இஞ்ச கொண்டுவந்து, இஞ்சயிருந்து ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோய், அதைக் குடுத்துத்தான் ஆக்களை வாங்கினவங்கள். தெரியுமோ உனக்கு?"

எனக்குத் தெரியாது. பறங்கியும் ஒல்லாந்தனும் இங்கிலீசுக்காரனும் எங்களை ஆண்டதாகப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். டேனிஷ்காரர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய கதையும் ஒரு வரி இருந்தது. துணிக்கு ஆள் வாங்கிய கதை அந்த வரியில் இல்லை.

"நான் நெய்யேல்ல" என்றேன்.

"ஒருத்தரும் நெய்யேல்லத்தான்" என்று சொல்லிவிட்டு, கோப்பியில் மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கினார். நான் பார்ப்பதைக் கண்டதும், "இந்தச் சீனிக்காகத்தான் என்ர சனம் செத்தது. நான் போடாமல் விட்டால் அவை எழும்பி வரப்போகினமோ?" என்றார்.

நல்ல மனிசியா, விசர் பிடித்த மனிசியா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று பிடிபட்டது. அவர் ஒன்றையும் நம்பமாட்டார்.

ஒரு நாள் போர்மன் வந்து, திங்கள் முதல் அரை மணித்தியாலம் முன்னதாகத் தொடங்க வேண்டும், பதிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் நேரத்தோடு விடுவோம் என்று சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் கத்தியைக் கீழே வைத்தார். "எழுதித் தா" என்றார். போர்மன் சிரித்தான், நாங்கள் என்ன புது ஆக்களா, என் வாய்ச்சொல் போதாதா என்றான். "உன்ர வாயை வீட்டுக்குக் கொண்டுபோகேலாது" என்றார் அவர். திங்களன்று எல்லோரும் முன்னதாக வந்தோம், அவரைத் தவிர. வெள்ளியன்று வழமையான நேரத்துக்குத்தான் விட்டார்கள். அடுத்த கிழமை அந்த ஏற்பாடு ஒரு கடதாசியில் தட்டச்சாகி, கன்டீன் சுவரில் ஏறியது. அவர் போய் அதைக் கீழிருந்து மேலாக வாசித்தார். எந்தக் கடதாசியையும் அவர் அப்படித்தான் வாசிப்பார். முதலில் கையெழுத்து, பிறகு திகதி, பிறகுதான் விசயம்.

இன்னொரு நாள் நான் மரக்கறி ரோல்ஸ் செய்து கொண்டுபோனேன். எதிரே நிற்பவருக்குக் கொடுக்காமல் எப்படித் தின்பது என்று ஒன்றை நீட்டினேன். அவர் அதைப் பிய்த்து, உள்ளே பார்த்து, முகர்ந்து, ஒரு பாதியை என்னிடமே திருப்பித் தந்தார். நான் சாப்பிட்ட பிறகுதான் தன் பாதியை வாயில் வைத்தார். "நல்லாயிருக்கு" என்றார். பிறகு, "இதுக்கு நான் உனக்கு என்ன செய்ய வேணும்?" என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றேன். மறுநாள் வினாகிரியில் ஊறவைத்த மீன் ஒரு போத்தல் என் பையருகில் இருந்தது. அதோடு கணக்குச் சரி என்பதுபோல் பட்டியின் மறுபக்கத்திலிருந்து ஒரு பார்வை.

தகப்பனைப் பற்றி அவர் சொன்னது, பட்டி பழுதாகி இரண்டு மணித்தியாலம் சும்மா இருந்த ஒரு காலையில். மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தோம்.

மேற்கிந்தியக் கடலில் செயின்ட் குரோய் என்று ஒரு தீவு, அப்போது டென்மார்க்குக்குச் சொந்தம். கரும்புத் தோட்டங்கள். அவருடைய பூட்டன் அடிமையாகப் பிறந்தவர். தகப்பன் பிறந்தபோது அடிமைத்தனம் சட்டத்தில் இல்லை. கரும்பு வெட்டு மட்டும் அப்படியே இருந்தது. ஒன்பது வயதில் அந்தப் பிள்ளையை ஒரு துறைமுக அதிகாரியின் குடும்பம் டென்மார்க்குக்குக் கூட்டிவந்தது. இரண்டு வருடம் பள்ளிக்கூடம், பிறகு திருப்பி அனுப்புவோம் என்று தாயிடம் சொன்னார்கள். எழுதிக் கொடுக்கவில்லை.

"அந்த அதிகாரியின்ர மனிசி கெட்டவ இல்லை" என்றார். "சப்பாத்து வாங்கிக் குடுத்தவ. எழுதப் படிக்கப் பழக்கினவ. அப்பா எழுதப் பழகினவுடன தாய்க்கு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கடிதம் எழுதி, தபாலில போடச் சொல்லி அவவிட்டக் குடுப்பாராம். பதிலே வராது. தாய் மறந்திட்டா எண்டு நினைச்சிருக்கிறார். பிறகு தீவுகளை அமெரிக்காவுக்கு வித்துப்போட்டாங்கள். அப்பா இஞ்சயே நிண்டுட்டார். அந்த மனிசி செத்தபிறகு வீட்டுச் சாமானை ஏத்த அப்பாவைக் கூப்பிட்டவை. நானும் போனனான், சின்னப்பிள்ளை. மேசை லாச்சியை இழுத்தால், பதினொரு கடிதம். றிபனால கட்டி, வடிவாய் அடுக்கி."

அவர் சொன்னது டேனிஷ் சொல். எனக்குள் கேட்டது லாச்சி. எங்களுக்கு அந்தச் சொல்லைத் தந்துவிட்டுப் போனதும் ஒரு வெள்ளைக்காரன்தான், ஒல்லாந்தன்.

"ஏன் போடேல்லையாம்?"

"பதில் வந்தால் பிள்ளை ஊர் நினைப்பில அழுவான் எண்டு. நல்ல மனசோட செய்தவ. அதுதான் அவவை என்னால ஒழுங்காய் வெறுக்கவும் ஏலாமல் கிடக்கு."

தகப்பன் அந்தக் கடிதங்களை என்ன செய்தார் என்று கேட்டேன். அந்தக் கிழமையே பதினொன்றையும் பதிவுத் தபாலில் போட்டாராம். ஒன்பது வயதுப் பிள்ளை எழுதியதையும் சேர்த்து. பல மாதம் கழித்து எல்லாம் திரும்பி வந்தன. அப்படி ஒருவர் இல்லை என்று முத்திரை குத்தி.

பட்டி திரும்ப ஓடத் தொடங்கியது. அவர் எழும்பிக் கையுறையை மாட்டிக்கொண்டே, "அடிமை வியாபாரத்தை முதல் நிறுத்தினது நாங்கள்தான் எண்டு இஞ்ச பள்ளிக்கூடத்தில பெருமையாய்ச் சொல்லித் தருவினம்" என்றார். "சட்டத்தை எடுத்து வாசி. நிறுத்துறதுக்குப் பத்து வருசத் தவணை. அந்தப் பத்து வருசமும் முந்தியிலும் கூடக் கப்பல் போனது. ஆரும் ஏதும் தாறம் எண்டாலும் சரி, நிறுத்துறம் எண்டாலும் சரி, எப்ப எண்டு கேள். எழுதித் தரச் சொல்."

எங்களுக்கும் அது தவணைக் காலம்தான். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட இந்த நாட்டுச் சட்டத்தில் உரிமை இருந்தது. நான் என் மனைவி வதனிக்கும் மகள் துளசிக்கும் விண்ணப்பித்து ஒரு வருடம் கடந்துவிட்டது. நான் கப்பலும் விமானமும் ஏறி வந்தபோது துளசி வதனியின் வயிற்றில் இருந்தாள். நான் அவளைக் கண்டது ஒரே ஒரு புகைப்படத்தில். இந்திய இராணுவம் சண்டை தொடங்கிய மாதம் அவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான சனத்தோடு படுத்துக் கிடந்தார்கள். அந்தச் செய்தியே எனக்கு ஏழு கிழமை பிந்தித்தான் வந்தது. அலுவலகத்துக்கு எழுதினால் ஒரே பதில்: விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.

எங்களோடு வேலை செய்த அந்தோனி மன்னார்க்காரன். அவனுக்கும் அதே கடிதம். அவன் அதைக் கன்டீனில் அவரிடம் காட்டினான். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். வழக்கம்போல் கீழிருந்து மேலே வாசித்தார்.

"ஆர் பரிசீலிக்கினம்? பேர் இல்லை. எப்ப முடியும்? திகதி இல்லை" என்றார். "ஒருத்தரும் பரிசீலிக்கேல்ல. உன்ர விண்ணப்பம் ஒரு லாச்சிக்குள்ள கிடக்கு. அப்பிடிக் கிடக்கட்டும் எண்டு ஆரோ சொல்லியிருக்கினம்."

இந்த நாட்டில் அப்படி நடக்காது என்று அந்தோனி சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் சட்டைப்பைக்குள் அதே கடிதம், அதே கீறல் கையெழுத்து. நான் எடுத்துக் காட்டவில்லை.

அதன் பிறகு அவர் எங்களிடம் விசாரிக்கத் தொடங்கினார். எப்போது கல்யாணம், எப்போது விண்ணப்பித்தாய், எத்தனை கடிதம் வந்தது, பிரதி வைத்திருக்கிறாயா. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. என்னோடு ஒரே அறையில் இருந்த செல்வம் அண்ணைக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் ஊரில் ஐந்து மாதம் இராணுவ முகாமில் கிடந்தவர். காட்டிக் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரன்.

"உந்த மனிசிக்கு எங்கட கல்யாணத் திகதி ஏன்?" என்றார். "கேட்கிறவையெல்லாம் ஆருக்கோ கேட்கினம். வெளிநாட்டுக்காரரைப் பாக்கிற பொலிஸ் இருக்கு. அவைக்கு இப்பிடி ஆக்கள் வேணும். எங்களைப்போல கறுப்பாய், நாங்கள் நம்பிற ஆளாய். ஒரு பிழையான திகதி சொன்னியோ, அதோட விண்ணப்பம் முடிஞ்சுது."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு சனிக்கிழமை நான் அந்த மனிசிக்குப் பின்னால் போனேன். வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன். அவர் தபாற்கந்தோருக்குப் போய் வரிசையில் நின்று ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டார். துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். வெளியே ஒரு கார் நின்றது. கழுத்துப்பட்டி கட்டிய ஒரு மனிதர் இறங்கினார், கையில் தோல் பை. அவர் அந்த மனிதரிடம் ஒரு தடித்த உறையைக் கொடுத்தார். இரண்டு பேரும் காருக்குள் ஏறிக் கனநேரம் கதைத்தார்கள். நான் எதிர்ப்பக்கத்துச் சப்பாத்துக் கடை வாசலில் நின்றேன். என் பெயரும் அந்த உறைக்குள் இருக்குமா என்று நினைத்தேன்.

"நான் சொன்னன்தானே" என்றார் செல்வம் அண்ணை.

திங்களன்று இடைவேளையில் அந்த மனிசி என்னிடம் வந்தார். ஒரு வழக்கறிஞர் இருக்கிறார், கடிதங்களின் பிரதிகளை ஒன்றாகச் சேர்த்து மேலே முறைப்பாடு செய்யப் போகிறார், அந்தோனி தந்துவிட்டான், உன்னுடையதையும் தா என்றார். காரில் வந்த மனிதர் அவர்தான் என்று நான் ஊகித்திருக்கலாம். ஆனால் வழக்கறிஞர் என்று யாரும் சொல்லலாமே. எழுதியா தந்தார் அவர்?

"நான் விண்ணப்பிக்கேல்ல" என்றேன்.

"ஏன்?"

"மனிசிக்கு வர விருப்பமில்லை."

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. வதனி அப்போது ஒவ்வொரு கடிதத்திலும் எங்கள் விசயம் என்ன மாதிரி என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "சரி" என்றார். பிறகு கேட்கவேயில்லை.

அந்தோனியின் மனைவி வந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. வதனியும் துளசியும் வந்தது அதற்கு நாலு மாதம் பிறகு. அந்தோனியின் விண்ணப்பம் முந்தியது அந்த முறைப்பாட்டினாலா, அல்லது தற்செயலா, எனக்கு இன்றும் தெரியாது. அதற்குள் எல்லா விண்ணப்பங்களும் அசையத் தொடங்கியிருந்தன என்றும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த நாலு மாதத்தின் நடுவில் ஒரு நாள், வதனி துளசியைத் தூக்கிக்கொண்டு சந்தியைக் கடக்கும்போது சண்டை தொடங்கியது. ஷெல் துண்டு ஒன்று பிள்ளையின் இடது காலில் ஏறியது. ஆஸ்பத்திரியில் மருந்தில்லை. மூன்று வயதுப் பிள்ளையை நான் முதன்முதலாகக் கண்டபோது அவள் விமான நிலையக் கதவால் இழுத்து இழுத்து நடந்து வந்தாள்.

இரண்டு கிழமை கழித்துக் கடைத்தெருவில் அவரைச் சந்தித்தோம். தப்ப வழியில்லை. அவர் வதனிக்குக் கை கொடுத்தார். துளசியின் பெயரைக் கேட்டார். குனிந்து அவள் காலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மனிசி மனசு மாறிட்டா போல" என்றார்.

"ஓம்" என்றேன். அது இரண்டாவது பொய்.

அடுத்த வருடம் அவர் ஓய்வுபெற்றார். பட்டியின் மறுபக்கத்தில் ஒரு இளம் பெடிச்சி வந்து நின்றாள். செல்வம் அண்ணை குடும்பம் வந்ததும் கோபன்ஹேகனுக்குப் பக்கத்து டோஸ்ட்ருப்புக்குப் போய்விட்டார். நாட்டில் தமிழர் வழக்கு என்று ஒரு பேச்சு கிளம்பி ஒவ்வொரு நாளும் தொலைக்காட்சியில் ஓடியது. எங்கள் விண்ணப்பங்களைத் தொடாமல் வைத்திருக்கும்படி அமைச்சர் சொல்லியிருந்தாராம். அந்த மனிசி மீன் மணக்கும் கன்டீனில் ஒரு கடதாசியைக் கீழிருந்து மேலாக வாசித்துச் சொன்னதைக் கண்டுபிடிக்க, விசாரணை செய்தவர்களுக்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் தேவைப்பட்டன. ஒரு பிரதமர் பதவி விலகினார். நான் அந்த மனிசியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன். பார்த்தால் எதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான்.

அமைச்சர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்த கிழமை, அந்த மனிசி முதியோர் இல்லத்தில் இருப்பதாக அந்தோனி சொன்னான். நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனேன். துளசியும் வந்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது முடிந்திருந்தது.

அவர் யன்னல் ஓரக் கதிரையில் இருந்தார். சிறுத்துப்போயிருந்தார். என்னைக் கண்டதும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"ஆர் உன்னை அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்ல. நானாய் வந்தனான். பட்டியில எதிர நிண்டனான்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு வாறவை."

பத்திரிகையை நீட்டினேன். நீங்கள் சொன்னது சரி, தீர்ப்பு வந்துவிட்டது என்றேன். அவர் வாங்கி, நாலாக மடித்து, தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் இருந்துகொண்டார். நான் எடுத்துவிடுவேன் என்பதுபோல் என் கையைப் பார்த்தார். தாதி கொண்டுவந்து வைத்த கேக்கை அவர் தொடவில்லை. துளசி யன்னலடியில் நின்று ஒரு துண்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

இனிமேல் எப்போதும் சொல்ல முடியாது என்று எனக்கு விளங்கியது. சொன்னேன். எங்களுக்குள் பொதுவாக இருந்த ஒரே மொழியில், என் உடைந்த டேனிஷில்.

"நான் அண்டைக்கு உங்களுக்குப் பொய் சொன்னனான். நான் விண்ணப்பிச்சிருந்தனான். மனிசிக்கு வர விருப்பமில்லை எண்டதும் பொய். உங்களை நான் பொலிஸின்ர ஆள் எண்டு நினைச்சனான். அந்தோனி கடிதம் தந்தவன், அவன்ர மனிசி நாலு மாதம் முந்தி வந்திட்டா. நானும் தந்திருந்தால் அந்த நாலு மாதம்..."

அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் பழைய கூர்மை ஒரு கணம் வந்ததுபோல் இருந்தது.

"எந்த அந்தோனி?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதையெல்லாம் என்னட்டச் சொல்லச் சொல்லி ஆர் உனக்குச் சொன்னது?" என்று கேட்டார்.

தாதி வந்து அவரைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போனார். அவர் போகும்போது பத்திரிகையை மறக்காமல் எடுத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

கார் நிறுத்துமிடம் வரை துளசி எனக்குப் பின்னால் நடந்து வந்தாள். வீட்டில் நாங்கள் தமிழில் என்ன கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை அவள். டேனிஷ் அவளுக்கு என்னைவிட எவ்வளவோ நன்றாகத் தெரியும். அந்த அறையில் நின்றபோது அது என் புத்தியில் படவில்லை.

நான் காரின் திறப்பைச் சட்டைப்பையில் தேடிக்கொண்டிருந்தேன். அவள் தமிழில் கேட்டாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

"அப்பா, எனக்குக் காலில பட்டது அந்த நாலு மாதத்துக்குள்ளயோ?"

"ஓம்" என்றேன்.

காரைத் திறந்தேன். எப்போதும் இங்கே பிறந்த தம்பியோடு சண்டைபிடித்து ஏறுகிற முன் இருக்கையின் கதவைத் துளசி திறந்து, ஏறாமலே மூடினாள். பின்னால் போய், யன்னலோரமாக இருந்து, இருக்கைப் பட்டியைத் தானே மாட்டிக்கொண்டாள்.